எங்கே நின்று பார்ப்பது?

என் தங்கையின் மகன் புகைப்படக் கலையைத் தொழிலாகக் கொண்டவன். ஊர்த் திருமணங்களுக்கும் பள்ளிக்கூட விழாக்களுக்கும் படமெடுத்து, அந்த வருவாயில் தன் சிறு குடும்பத்தை நடத்தி வருபவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மக்ரிபுக்குப் பின் நான் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அவன் வந்து ஒரு வினாவை என் முன் வைத்தான்.

"மாமா, கையிலே கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. அதிலே நல்ல ஜூம் லென்ஸ் ஒண்ணு வாங்கலாம். இல்லேன்னா அதே காசுக்கு பிரைம் லென்ஸ் மூணு வாங்கலாம். எது வாங்குறது?"

அரபி இலக்கணம் போதிப்பதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட என்னிடம் கேட்கத்தக்க வினாவா இது? "கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறாயே" என்றேன். "கடைக்காரர் விலை கூடினதைத்தான் நல்லதுன்னு சொல்வார், மாமா" என்றான். அந்த விடையில் இருந்த நியாயம் என்னை எழவிடாமல் உட்கார்த்திவிட்டது. அன்றிரவு அவன் ஆசிரியனானான், நான் மாணவனானேன். (படமெடுத்தல் கூடுமா கூடாதா என்ற பழைய வழக்கை ஈண்டு நான் திறக்கவில்லை. அதற்கு வேறு ஏடுகளும் வேறு பொழுதும் உண்டு.)

அவன் கற்பித்ததை இயன்ற அளவு எளிமையாகச் சொல்கிறேன். லென்ஸ் என்பதற்கு அரபியில் 'அதஸா' என்று பெயர். 'அதஸ்' என்றால் மைசூர்ப் பருப்பு. இலத்தீனிலும் லென்ஸ் என்பது அதே பருப்பின் பெயர்தான். இருபுறமும் புடைத்த கண்ணாடி வில்லை பருப்பைப் போலிருப்பதால் வந்த பெயர். ஒவ்வொரு லென்ஸுக்கும் குவியத் தூரம் என ஓர் அளவு உண்டு. அது குறைந்தால் காட்சி விரியும். கூடினால் காட்சி குறுகி, தொலைவிலுள்ள பொருள் பெரிதாகத் தெரியும். பிரைம் லென்ஸுக்கு அந்த அளவு ஒன்றே ஒன்று: 35 மில்லிமீட்டர், அல்லது 50, அல்லது 85. மாற்ற வேண்டுமானால் லென்ஸையே கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். ஜூம் லென்ஸிலோ வளையத்தைத் திருகினால் போதும். உள்ளிருக்கும் வில்லைகள் முன்னும் பின்னுமாக நகர்ந்து 24-இலிருந்து 70 வரை, 70-இலிருந்து 200 வரை என எந்த அளவையும் தரும்.

அப்படியானால் பிரைம் லென்ஸை எவன் வாங்குவான் என்று கேட்டேன். ஒளிக்காக வாங்குவார்கள் என்றான். எஃப் 1.8 எனக் குறிக்கப்படும் பிரைம் லென்ஸ், எஃப் 4 எனக் குறிக்கப்படும் ஜூம் லென்ஸைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விளக்கு மங்கிய கூடத்தில் அது சிறிய உதவியன்று. சுமையிலும் வேறுபாடு உண்டு. கேனான் நிறுவனத்தின் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று 160 கிராம். அதே நிறுவனத்தின் 24-70 எஃப் 2.8 லென்ஸ் ஒன்று 800 கிராமுக்கும் சற்று மேல். நாள் முழுதும் கழுத்தில் தொங்கும் பொருளுக்கு இது ஒரு கணக்கே. படத்தின் தெளிவில் முன்னாளில் இருந்த பெருவேறுபாடு இன்று பெரிதும் குறைந்துவிட்டது.

வரலாறும் சொன்னான். லைகா காமிரா 1925-இல் விற்பனைக்கு வந்தபோது அதில் 50 மில்லிமீட்டர் லென்ஸே இருந்தது. பிரெஞ்சுப் படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த ஓர் அளவோடே கழித்தவர். சுருளில் எடுக்கும் 35 மில்லிமீட்டர் நிலைப்படக் காமிராவுக்கென முதல் ஜூம் லென்ஸை ஜெர்மனியின் வாய்க்ட்லேண்டர் நிறுவனம் 1959-இல்தான் வெளியிட்டது. ஜூமார் என்பது அதன் பெயர். 36-இலிருந்து 82 வரை திருகலாம். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் கைபேசியின் பின்புறத்தில் இரண்டு மூன்று கண்கள் இருக்கின்றனவே, அவை பெரும்பாலும் தனித்தனிப் பிரைம் லென்ஸ்கள். நாம் விரலை விரித்துப் பெரிதாக்கும்போது, கருவி ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவுகிறது. அதற்கும் மேற்பட்டால் படத்தின் நடுப்பகுதியை வெட்டியெடுத்துப் பெருக்கிக் காட்டுகிறது. நாம் ஜூம் என்று நம்பிக் கொண்டிருப்பது அதைத்தான்.

இவ்வளவும் கேட்டபின், "வளையம் திருகுவதும் நாலடி முன்னே நடப்பதும் ஒன்றுதானே? நடக்கச் சோம்பலானவனுக்கு ஜூம் என்று சொல்லிவிடலாமே" என்றேன். அவன் தலையை அசைத்தான். "ஒண்ணு இல்லே மாமா" என்று உள்ளே போய் ஒரு செம்பையும் ஒரு குடத்தையும் எடுத்து வந்தான்.

வாசகர்களும் இதைத் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செம்பை முன்னும் குடத்தை மூன்றடி பின்னும் வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு செம்பின் அருகே போனால், செம்பு குடத்தையே மறைக்குமளவு பெருக்கும். பின்வாங்கிப் பின்வாங்கி முற்றத்தின் மறுகோடிக்குப் போனால், குடம் தன் உண்மையான பருமனுக்கு மீண்டு செம்பைச் சிறிதாக்கி நிற்கும். இரண்டும் ஒட்டி நிற்பன போலவும் தோன்றும். இப்போது அங்கிருந்தபடியே ஒரு தாளைச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியே பாருங்கள். பார்வை குறுகும், ஆனால் செம்புக்கும் குடத்துக்கும் உள்ள விகிதம் இம்மியும் மாறாது. அந்தக் குழல்தான் ஜூம். அதனால் மாறுவது சட்டத்தின் அளவு மட்டுமே. பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை மாற்றுவது நாம் நிற்கும் இடம்.

இதைக் கேட்டபோது எனக்கு இப்னுல் ஹைஸம் நினைவுக்கு வந்தார். 965-ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அப்பேரறிஞரின் 'கிதாபுல் மனாளிர்' ஏழு பாகங்களால் ஆனது. மனாளிர் என்னும் சொல் 'நளர்' என்னும் வேரிலிருந்து பிறந்தது. பார்த்தலுக்கும் அதுவே சொல், ஆராய்தலுக்கும் அதுவே சொல். நம் மேடைகளில் சிலர், 'கமரா' என்னும் அரபிச் சொல்லிலிருந்தே காமிரா என்னும் பெயர் வந்ததாகவும், அது அவர் இட்ட பெயரென்றும் முழங்குவர். அது பொருந்தாது. காமிரா அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். அவர் பயன்படுத்திய தொடர் 'அல்பைத்துல் முள்லிம்', இருண்ட வீடு. இல்லாத பெருமையைச் சூட்ட வேண்டிய வறுமை அவருக்கில்லை.

அவர் நிலைநாட்டிய செய்திகளுள் ஒன்று இது: ஒரு பொருளின் பருமனைக் கண்ணில் அது அடைக்கும் கோணத்தால் மட்டும் நாம் அறிவதில்லை, அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்னும் மதிப்பீட்டையும் அக்கோணத்தோடு சேர்த்தே அறிகிறோம். தொலைவை அறியாதவன் பருமனை அறியான். கண் பிழைபடாதிருக்கத் தேவையானவை என அவர் எண்ணிக் காட்டும் எட்டு நிபந்தனைகளுள்ளும் தொலைவு ஒன்று. அது மிகினும் பிழை, குறையினும் பிழை.

புகைப்படம் நமக்குக் கோணத்தைத் தருகிறது. தொலைவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. 2020-இல் பெருந்தொற்று உலகை அடைத்துப் போட்டிருந்தபோது இது வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இல்லை. கடற்கரைகளிலும் கடைவாயில் வரிசைகளிலும் மக்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்பதாகப் படங்கள் வெளிவந்தன, பார்த்தவர்கள் கொதித்தார்கள். டென்மார்க்கில் படக்காரர்கள் ஒரே கூட்டத்தை ஒரே வேளையில் இருவிதமாக எடுத்துக் காட்டினார்கள். எட்ட நின்று நீண்ட லென்ஸால் எடுத்ததில் நெரிசல். கிட்ட நின்று விரிந்த லென்ஸால் எடுத்ததில் ஆளுக்கு ஆள் தாராளமான இடைவெளி. இரண்டிலும் பொய்யான ஒரு புள்ளிகூட இல்லை. ஆயினும் அவற்றுள் ஒன்றைச் சாட்சியாகக் கொண்டு அந்த மக்களைப் பழித்தவர்கள், செய்யாத குற்றத்துக்கு அவர்களைப் பழித்தார்கள்.

நீண்ட குவியத் தூரம் பிரைம் லென்ஸிலும் உண்டு என்று இவ்விடத்தில் யாரேனும் மறுக்கலாம். மெய்தான். ஆனால் 200 மில்லிமீட்டர் பிரைம் லென்ஸை மாட்டுபவன், தான் எட்ட நிற்கப் போவதை மாட்டும்போதே அறிந்திருக்கிறான். ஜூம் வைத்திருப்பவனோ நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, தான் நெருங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறான். என் ஐயமெல்லாம் இந்த எண்ணத்தைப் பற்றியதே.

மேற்கொண்டு தத்துவம் பேசாமல் நடந்ததைச் சொல்கிறேன். மருமகன் முடிவு செய்யுமுன் சோதித்துப் பார்க்க விரும்பி, நண்பர் ஒருவரிடம் 70-200 ஜூம் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். அவ்வமயம் அவனுடைய தங்கையின் நிக்காஹ் எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் உம்மாவுக்கு அப்போது எண்பது கடந்துவிட்டது. வாப்பா மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. கூட்டமும் சந்தடியுமாக இருந்த அந்தப் பிற்பகலில் உம்மா உள்தாழ்வாரத்தில் அமர்ந்து, வாப்பாவின் மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக் கொண்டிருந்தார்கள். முக்காடு தோளில் சரிந்திருந்தது. முற்றத்துக்கு அப்பால், கிணற்றடியிலிருந்து மருமகன் அதைப் படமெடுத்துவிட்டான்.

நல்ல படம். நான் அக்கலை அறியேன், எனினும் சொல்கிறேன், நல்ல படம். கண்ணோரத்து ஈரம்கூடத் தெரிந்தது. உம்மாவின் தோளுக்குப் பின்னே திருமணத்துக்கு வந்த பெண்கள் சிரித்த முகத்தோடு, சற்றே மங்கலாக, அவர்களைச் சூழ்ந்து நின்றார்கள். போட்டி ஒன்றுக்கு அதை அனுப்ப விரும்பி, பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்து உம்மாவிடம் காட்டினான். உம்மா நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்:

"ஏன் வாப்பா, இதை எடுக்கையிலே நீ எங்கே நின்னுக்கிட்டிருந்தே?"

"கிணத்தடியிலே, உம்மம்மா."

"அங்கே நின்னுக்கிட்டே இவ்வளவு கிட்ட வந்துட்டியா?" என்று சரிந்த முக்காட்டின்மீது விரலை வைத்தார்கள். அவ்விரல் மெல்ல நகர்ந்து பின்னாலிருந்த பெண்களிடம் வந்தது. "இவங்க யாரும் அப்ப என் பக்கத்திலே இல்லையே" என்றார்கள்.

அப்பெண்கள் பத்தடி தள்ளி நின்றவர்கள். கிணற்றடி உம்மாவிடமிருந்து முப்பதடி. முப்பதடியிலிருந்து பார்த்தால் பின்னிருந்தவர்கள் முன்னிருந்தவரின் அளவில் முக்கால் பங்காகத் தெரிவர். ஆறடியிலிருந்து பார்த்திருந்தால் பாதிக்கும் குறைவாகவே தெரிந்திருப்பர். மருமகன் கணக்கிட்டுச் சொன்னது இது. அவன் பொய்யாக எதையும் சேர்க்கவில்லை. தனியே அமர்ந்திருந்த ஒருவரை அவன் நின்ற இடம் கூட்டத்தின் நடுவே வைத்துவிட்டது.

படம் போட்டிக்குப் போகவில்லை. மறுவாரம் உம்மாவே அவனை அழைத்து, "படம் வேணும்னா கிட்ட வந்து உக்காந்து எடு" என்றார்கள். தன் பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸோடு அவன் பாயில் உட்கார்ந்தான். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டார்கள், கண்ணாடியை உறையிலிட்டு மூடினார்கள், அவனை நேரே பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார்கள். அந்தச் சொல்லின் நடுவே எடுத்தது அந்தப் படம். வாய் சற்றுக் கோணியிருக்கிறது. பின்னால் வெறுஞ்சுவர்.

கிட்டச் செல்வதெல்லாம் அறமென்று நான் சொல்லிவிட்டதாக எவரும் கொள்ள வேண்டா. சிறிய பிரைம் லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஜனாஸா வீட்டின் வாசலில் அழுபவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அங்கே எட்ட நிற்பதே மரியாதை. லென்ஸை மூடுவது அதினும் மரியாதை. கூட்டில் அமர்ந்த பறவையிடமோ, ஆட்டம் நடக்கும் மைதானத்திலோ நடந்து நெருங்க முடியாது. அங்கெல்லாம் நீண்ட லென்ஸைக் குறை சொல்வது வீண். தொழில்முறைப் படக்காரனுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. மணமகன் 'கபூல்' என்று சொல்வது ஒருமுறைதான். அவன் லென்ஸ் மாற்றிக் கொண்டிருந்தான் என்பதற்காக எந்த மணமகனும் இன்னொரு முறை சொல்லப் போவதில்லை. கூலி கொடுத்தவருக்கு அந்த நொடியைக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. தன் கலைக்கு விரதம் காத்து, பிறர் வீட்டுத் திருமணத்தைத் தவறவிட அவனுக்கு உரிமையில்லை.

பை நிறையப் பிரைம் லென்ஸ் வாங்குவதைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் எழவில்லை. மூன்றோ நான்கோ வாங்கி, நொடிக்கொன்றாக மாற்றிக் கொண்டிருப்பவன் ஜூமையே துண்டு துண்டாக வாங்கியவன். போதாததற்கு, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தூசி உள்ளே புகும். பிரைம் லென்ஸின் பயன், வீட்டைவிட்டுப் புறப்படும்போதே ஒன்றை மாட்டிக்கொண்டு மற்றவற்றை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதில் இருக்கிறது. எதைக் காணப் போகிறோம், அதனிடம் எவ்வளவு நெருங்கப் போகிறோம் என்பதை வழியில் இறங்குமுன்னரே அவன் தீர்மானித்தாக வேண்டும்.

ஆகவே தொழிலுக்கு 24-70 ஜூம் ஒன்றை வாங்கிக் கொள்ளவும், திருமண வீட்டில் அதைத் திருகுமுன் நாலடி நடந்து பார்க்கவும், தனக்கென எடுக்கும் படங்களுக்குப் பழைய 50-ஐயே வைத்துக் கொள்ளவும் சொன்னேன். மூன்று பிரைம் வேண்டா என்றேன். அவனும் அப்படியே செய்தான்; மிஞ்சிய காசில் தன் மகளுக்கு மிதிவண்டி வாங்கினான்.

உம்மா மறைந்து இப்போது மூன்றாம் ஆண்டு நடக்கிறது. பாயில் உட்கார்ந்து எடுத்த படம் என் மேசைமீது இருக்கிறது. கிணற்றடியிலிருந்து எடுத்தது என் தங்கையிடம், ஒரு பழைய துப்பட்டியில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் அதுவே பிடித்த படம். உம்மாவின் முகம் அதில்தான் இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. அதைக் கூடத்தில் மாட்டலாமா என்று சென்ற மாதம் மருமகன் என்னிடம் கேட்டான். இன்னும் விடை சொல்லவில்லை.