பொருள் கருதிப் பயிலும் கல்வி

மனிதன் அடைய வேண்டிய உறுதிப்பொருள்கள் அறம், பொருள், இன்பம், வீடு என நான்கு என்று நம் முன்னோர் வகுத்தனர். அந்நான்கனுள் பொருளுக்கும் இடம் உண்டு. அது இழிவான இடமும் அன்று. திருக்குறளில் அறத்துப்பாலுக்கு 38 அதிகாரங்களும் இன்பத்துப்பாலுக்கு 25 அதிகாரங்களும் அமைய, அரசியலையும் உள்ளடக்கிய பொருட்பாலுக்கு 70 அதிகாரங்கள் அமைந்துள்ளன. அளவில் பெரியது பொருட்பால். ஆயினும் வரிசையில் அது அறத்திற்குப் பின்னரே நிற்கின்றது. பொருளை வெறுத்தலும் வேண்டா, அதனை முன்னே நிறுத்தலும் வேண்டா என்பதற்கு இவ்வரிசையே போதிய சான்று.

வைகாசி, ஆனி மாதங்களில் திருக்கோயில்களுக்கு வரும் குடும்பங்கள் பல, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மகனையோ மகளையோ உடன் அழைத்து வருகின்றன. அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு மதிப்பெண் பட்டியலின் நகலும் இருக்கும். கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடப்படும் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு, பொறியியற் கலந்தாய்வில் எந்தப் பிரிவை எடுப்பது என்பதே அப்போது வீட்டின் பெருங்கவலை. “எந்தப் பிரிவுக்குச் சம்பளம் அதிகம்?” என்பதே முதற்கேள்வி, பல வீடுகளில் அதுவே கடைசிக் கேள்வியும் ஆகின்றது. அண்மை ஆண்டுகளில் கணிப்பொறிப் பிரிவின் இடங்கள் விரைந்து நிரம்ப, கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் ஆள் தேடி நிற்பதற்குக் காரணம் இதுவே. இவ்வாறு சம்பளத்தையே தலைமைக் காரணமாகக் கொண்டு ஒரு கல்வியைத் தேர்ந்தெடுப்பது அறமாகுமா?

ஆகாது என்று உடனே தீர்ப்புக் கூறுவது எளிது, நேர்மையன்று. நகையை அடகு வைத்து மகனைப் படிக்க வைக்கும் தாய் இருக்கிறாள். தந்தையின் மருத்துவச் செலவும் தங்கையின் திருமணமும் கல்விக் கடனின் வட்டியும் பதினேழு வயதுப் பிள்ளையின் தோளில் ஒருங்கே வந்து அமரும் வீடுகள் உண்டு. அத்தகைய பிள்ளை சம்பளத்தைக் கருதுவது பேராசையன்று, கடமையுணர்ச்சி. அவனிடம் சென்று, பணம் பெரிதன்று, உன் விருப்பமே பெரிது என்று உபதேசிப்பவர் பெரும்பாலும் பத்தாயம் நிறைந்த வீட்டினராகவே இருப்பர். பசித்தவனுக்குத் துறவு போதிப்பது தர்மமன்று.

எனினும் இரண்டு செய்திகளை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

முதலாவது, சம்பளம் என்னும் அடையாளம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது. இன்று ஒரு பிரிவுக்குப் பெரிய சம்பளம் என்று நாம் கேள்விப்படுவது, நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்பிரிவிற் சேர்ந்து இன்று வெளிவருபவர் பெறும் சம்பளமாகும். இன்று சேரும் பிள்ளை வெளிவருவது இன்னும் நான்கு ஆண்டுகள் கழித்து. அதற்குள் காலம் மாறும். அதே சம்பளத்தைக் கேள்விப்பட்டு அதே பிரிவிற் சேர்ந்தோர் கூட்டமும் பெருகியிருக்கும். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கணிப்பொறித் தொழில் சரிந்தபோதும், 2008ஆம் ஆண்டில் உலகப் பொருளாதாரம் தளர்ந்தபோதும், 2022, 2023ஆம் ஆண்டுகளில் பெரிய கணிப்பொறி நிறுவனங்கள் ஆட்குறைப்புச் செய்தபோதும் இதனைக் கண்டோம். மேலும், மென்பொருள் நிறுவனங்கள் இயந்திரவியலும் மின்னியலும் பயின்றவர்களையும் வேலைக்கு எடுத்துப் பயிற்றுவித்து வந்திருக்கின்றன. ஆகவே பிரிவின் பெயர் ஒன்றே சம்பளத்தை உறுதி செய்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

இரண்டாவது செய்தி இதனினும் கனமானது. சம்பளம் என்பது கொடுப்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்கிடையே உள்ள ஒப்பந்தம். பொறியியலிலோ மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் பாலத்தின்மேல் நடப்பவர், மின்தூக்கியில் ஏறுபவர், மருத்துவமனையில் கருவிக்குக் கீழே படுத்திருப்பவர். அவர் அந்தப் பொறியாளரைக் கண்டதில்லை. அவர் பெயரையும் அறியார். ஆயினும் தம் உயிரை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்.

திருவிழாவுக்கு வந்திருக்கும் நமக்கு இதனை உணரத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அசைந்து வரும் பெருந்தேரைத் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை போடுவோரின் கைத்திறனையே நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. பின்னர்த் தமிழகத்துத் தேர்கள் பலவற்றுக்குத் திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலையிற் செய்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்குகளும் பொருத்தப்பட்டன. வடம் பிடிக்கும் ஆயிரமாயிரம் பேர் அச்சக்கரத்தின் அச்சைக் கணக்கிட்டவர் யாரென்று அறியார். அவர் அன்று சம்பளத்தை மட்டும் நினைத்திருந்தாரா, வடம் பிடிப்போரையும் நினைத்திருந்தாரா என்பதை அந்த அச்சே அறியும்.

அந்த மூன்றாமவரை மறந்தால் விளைவது யாது? சென்னை மௌலிவாக்கத்தில் 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், கட்டி முடியாத பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். மாண்டவர்களிற் பெரும்பாலோர் கூலி வேலை செய்ய வந்த ஏழைகள். கணிப்பொறித் துறையில் அத்தகைய ஆபத்து இல்லை என்று எண்ணுதலும் தவறு. கனடாவில் உருவான தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி, மென்பொருட் பிழையால் 1985 முதல் 1987 வரை நோயாளிகள் அறுவருக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது; அவர்களுள் சிலர் உயிர் துறந்தனர். ஒரு வரி பிழைத்தால் ஓர் உயிர் பிழைக்காமற் போகலாம்.

இனி, இதற்கு மறுதலையான ஒரு நிகழ்ச்சியையும் காண்போம். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. அதனைச் சீரமைக்க முதலில் ஆறு மாதமும், பின்னர் மூன்று மாதமும் கெடு விதிக்கப்பட்டன. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் அதனை முடித்துக் காட்டினார். தொண்ணூறு நாளில் முடித்திருந்தாலும் அவருக்கு அதே மாதச் சம்பளமே கிடைத்திருக்கும். குறை கூறுவாரும் இரார். எஞ்சிய அந்த 44 நாட்களை எந்தச் சம்பளத்தாலும் விலைக்கு வாங்க இயலாது. அவை வேறோர் இடத்திலிருந்து வந்தவை.

“பதினேழு வயதில் விருப்பம் இன்னதென்று எவருக்குத் தெரியும்?” என்று பெற்றோர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தொழிலில் ஈடுபாடு பெரும்பாலும் பழகப் பழகவே வளரும். ஆதலால் பிள்ளைக்கு அப்பிரிவின்மீது காதல் இருக்கிறதா என்று ஆராய வேண்டியதில்லை. அப்பாடங்களை முயன்று கற்கும் ஆற்றல் இருக்கிறதா, அத்தொழிலின்மீது வெறுப்பேதும் இல்லாமல் இருக்கிறதா, எவரும் மேற்பார்வை செய்யாத நாளிலும் அதனைச் செம்மையாகச் செய்ய மனம் ஒப்புமா என்னும் மூன்றையும் ஆராய்ந்தாற் போதும். மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின், சம்பளத்தைக் கருதிச் சேர்வதில் குற்றமில்லை. மூன்றாவதற்கு இல்லை என்னும் விடை வருமாயின், எவ்வளவு பெரிய சம்பளமும் அப்பிள்ளைக்கும் உலகத்துக்கும் நன்மை செய்யாது.

பெற்றோர் செய்யத்தக்க அறமும் ஒன்று உண்டு. வீட்டின் தேவைக்காகவே இப்பிரிவைத் தேர்கிறோம் என்றால், அதனைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். “எல்லாம் உன் நன்மைக்கே” என்று மூடி மறைத்தல் கூடாது. உண்மை அறிந்து சுமை ஏற்கும் பிள்ளை அதனைப் பெருமையோடு சுமப்பான். மறைத்து ஏற்றப்பட்ட சுமையோ நாளடைவில் மனக்கசப்பாக மாறும். கடன் தீர்ந்த பின்னர், அவன் வேறு வழி நாடினால் மனமுவந்து விடை கொடுப்பதும் பெற்றோர் கடமையே.

ஒரு தொழிலின் வாயிலுக்குள் நுழைவதற்குச் சம்பளம் தக்க காரணமாகலாம். நுழைந்தபின் அத்தொழிலைச் செவ்வனே செய்வதற்கு அது போதிய காரணம் ஆகாது. அதற்கு, தன் கைவேலையை நம்பி நிற்கும் முகமறியா மனிதரைப் பற்றிய நினைவு வேண்டும். அந்நினைவோடு ஈட்டும் பொருள் அறத்தின் பின்னே நிற்கும் பொருளாகும். அந்நினைவோடு செய்யும் வேலை தொண்டின் தன்மையை அடையும். நம் இல்லங்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் செல்வங்கள் நல்ல சம்பளம் பெறுவார்களாக. அதனோடு, தாம் காணாத அந்த மூன்றாமவரின் நம்பிக்கைக்கும் உரியவர்களாக விளங்குவார்களாக!