பனியைப் புகையென்ற கருவி

எடிட்டிங் முடிந்த வீடியோவைக் கணினியிலிருந்து ஃபயர்வயர் வழியாக டிஜிட்டல் கேம்கார்டருக்கு அனுப்பி டேப்பில் ஏற்றுவது, 2000-ஐ ஒட்டிய வருடங்களில் கல்யாண வீடியோக்காரர் முதல் ஆவணப்பட இயக்குநர் வரை எல்லோரும் செய்த வேலை. ஓடிக்கொண்டிருக்கும் பதிவு சில சமயம் சட்டென நிற்கும். நகல் எடுக்கத் தடை இருப்பதாகக் கேம்கார்டரின் சின்னத் திரையில் ஒரு வரி தோன்றும். படம் பிடித்தவரும் வெட்டி ஒட்டியவரும் உரிமையாளரும் ஒரே ஆள்தான். ஆனாலும் தன் படத்தைத் தானே திருடுவதாக அவர்மேல் சந்தேகம். இதைப் பழுது என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். பழுது என்றால் கருவி தனக்கு இட்ட வேலையைச் செய்யத் தவறியிருக்க வேண்டும். இங்கே அது அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறது. ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து ஒருவருடைய செயலைத் தீர்மானிக்கலாமா, தீர்மானித்தால் அவருடைய மறுமொழியைக் கேட்கும் கடமை யாருக்கு என்று யாரும் யோசிக்காமல் விட்டதில்தான் கோளாறு. அது தர்க்கமும் அறமும் சேர்ந்த மிகப் பழைய கேள்வி.

கருவி எதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறது? பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள். அவற்றில் 576 வரிகளே படமாகின்றன. மற்றவை ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கண்ணுக்குப் படாமல் கழியும் இடைவெளி. 1983-இல் தொடங்கிய மேக்ரோவிஷன் நிறுவனம் அந்த இடைவெளியில் பொய்யான ஒத்திசைவுத் துடிப்புகளையும், அவற்றை ஒட்டி மிகப் பிரகாசமான துடிப்புகளையும் செருகியது. 1985-இல் ‘தி காட்டன் கிளப்’ படத்தின் வீடியோ கேசட்டில் இது முதன்முதலாக வந்தது. வரும் சிக்னலின் பலத்தைத் தானாகச் சரிசெய்யும் சுற்று ஒன்று வி.சி.ஆருக்குள் உண்டு. இந்தத் துடிப்புகளைக் கண்டு, சிக்னல் அளவுக்கு மீறி வலுவாக வருவதாக அது ஏமாந்து, படத்தையே குறைத்துவிடும். நகல் இருண்டும் வெளுத்தும் தவிக்கும். அசல் கேசட்டை டி.வி.யில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆக, தொடக்கத்தில் இது ஒரு சுற்றின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்ட தந்திரம், அவ்வளவே. 1998-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டம், அங்கே விற்கும் வி.சி.ஆர்.கள் இந்தத் தந்திரத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. ஏமாறுவதைச் சட்டப்படி கடமையாக்கியது அதற்கு முன் எங்காவது நடந்திருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. பின்னால் வந்த டிஜிட்டல் கேம்கார்டரும் டிவிடி ரெக்கார்டரும் ஏமாறவில்லை. துடிப்புகளை அடையாளம் கண்டு, பதிவு செய்ய மறுத்தன. ஏமாற்று வித்தையாகப் பிறந்தது, குற்றத்துக்குச் சான்றாக வளர்ந்துவிட்டது.

சிக்கல் அந்தச் சான்றில்தான். பீரோவில் இருபது வருடம் கிடந்த வி.எச்.எஸ். டேப்பை ஓட்டினால் ஒத்திசைவு தள்ளாடும். கண்ணுக்குப் படாத அதே வரிகளில் இரைச்சல் துள்ளும். டேப்பைக் கணினிக்கு ஏற்றும்போது அதையும் சில கருவிகள் தடைத் துடிப்பு என்றே எடுத்துக்கொண்டு, டிஜிட்டல் நகலிலும் தடைக் குறி இட்டுவிடுகின்றன. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை, அதாவது காரணம்போல் தோன்றும் போலிகளை, வகைப்படுத்திச் சொல்லும்போது, இதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். எதிரே தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகையாகக் கொண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று துணிவதைச் சித்தாசித்தம் என்கிறது அந்தக் காதை. நெருப்பு அங்கே இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. தற்செயலாக நெருப்பு இருந்தாலும் அந்தத் துணிவு போலிதான், ஏனென்றால் ஏது உறுதிப்படவில்லை. கருவியை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் அது சரியாகவே சொல்கிறது என்று எண்ணிக்கை பேசுவார்கள். எத்தனை முறை சரியாக வந்தது என்பது ஊகத்தைப் பிரமாணமாக்காது என்பதுதான் நம் தர்க்க நூல்களின் கண்டிப்பு. இதைக் குதர்க்கம் என்று ஒதுக்குபவர், மறுக்கப்பட்டவரின் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம்.

அதே மரபு, நல்ல ஏதுவுக்கு மூன்று நிபந்தனை வைக்கிறது: ஆராயும் பொருளில் அது இருக்க வேண்டும், அதை ஒத்த சபக்கத்தில் இருக்க வேண்டும், ஒவ்வாத விபக்கத்தில் இருக்கவே கூடாது. தடைத் துடிப்பை இதில் நிறுத்திப் பாருங்கள். சொந்த வீட்டு டேப்பின் இரைச்சலிலும் கருவி அதைக் காண்கிறது. விபக்கத்தில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை போயிற்று. திரையரங்கில் உட்கார்ந்து கேமராவில் பிடித்த திருட்டுப் படத்தில் அந்தத் துடிப்பு கிடையாது, சபக்கத்திலும் அது எங்கும் இருப்பதில்லை. திருடாதவரிடம் தெரிந்து, திருடியவரிடம் மறைகிற அடையாளத்தை வைத்து எதைத் தீர்மானிப்பது?

சுவையான விஷயம், இந்தப் பிழைச்செய்தியோடு மல்லுக்கட்டும் எடிட்டர் செய்வதுதான் முறையான அனுமானம். முதலில் அவர் கேம்கார்டரையே சோதிக்கிறார். ஐரோப்பாவில் விற்ற பல மாடல்களில் டிஜிட்டல் உள்ளீட்டை அணைத்தே வைத்திருந்தார்கள். அது திறந்திருந்தால் சுங்கத்துறை கேம்கார்டரை வீடியோ ரெக்கார்டர் கணக்கில் சேர்த்து அதிக வரி போடும் என்பது மட்டுமே காரணம். காரணம் அது இல்லையென்று ஆனதும், வெற்றுக் கறுப்புக் காட்சியை அனுப்பிப் பார்க்கிறார், பதிவாகிறது. டைம்லைனில் பதிவு நின்ற இடத்துக்குப் போகிறார். பழைய வி.எச்.எஸ்.ஸிலிருந்து எடுத்த துண்டு அங்கே இருக்கிறது. அதை நீக்கி அனுப்புகிறார், கடைசிவரை ஓடுகிறது. திரும்பச் சேர்க்கிறார், நிற்கிறது. அந்தத் துண்டைப் புதிதாக ரெண்டர் செய்தோ, டேப்பை வேறு வி.சி.ஆரில் ஓட்டி மறுபடி எடுத்தோ பார்க்கிறார். உள்ளபோது உண்டாதல், இல்லாதபோது இல்லாதிருத்தல் என்ற அன்னுவயமும் வெதிரேகமும் இந்த மேசையில் தினமும் நடக்கிறது. தன் முடிவை ஒவ்வொரு படியிலும் திரும்பப் பெறத் தயாராக இருப்பவர் அவர். கருவிக்கு அந்தத் தயார்நிலை கிடையாது. அதற்கு ஒரே ஒரு படிதான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். பூட்டும் அப்படித்தானே? திருடனையும் வீட்டுக்காரனையும் பூட்டு பிரித்துப் பார்ப்பதில்லை. அதற்காகப் பூட்டை யாரும் அநீதி என்பதில்லை. ஒப்புமை நயமானதுதான், ஆனால் சாவியை மறந்துவிடுகிறது. வீட்டுக்காரன் கையில் சாவி இருப்பதால்தான் பூட்டு அவனைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. நம் எடிட்டருக்கு எந்தச் சாவியும் தரப்படவில்லை. ‘இது என் படம்’ என்று சொல்ல ஒரு பொத்தான்கூட அந்தக் கேம்கார்டரில் இல்லை. இன்னொன்று: பூட்டு யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. இந்தக் கருவி சொல்கிறது. இது பதிப்புரிமை உள்ள படம், உனக்கு அனுமதி இல்லை என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. சொன்ன பிறகு, சொன்னது மெய்யா பொய்யா என்ற கேள்விக்கும் அது ஆளாகிறது.

அந்த எடிட்டர் கடைசியில் வாங்கப் போவது டைம் பேஸ் கரெக்டர் என்னும் பெட்டி. தள்ளாடும் சிக்னலை வாங்கி, ஒவ்வொரு வரியையும் நேரம் பிசகாமல் புதிதாக அமைத்து அனுப்பும்; அந்தக் கண்ணுக்குப் படாத இடைவெளியும் சுத்தமாகப் பிறக்கும். அதே பெட்டிகளில் பல, வாடகைக் கேசட்டைக் கள்ள நகல் எடுப்பவருக்கும் அதே உதவியைச் செய்யும். பொய்க் குற்றச்சாட்டிலிருந்து விடுபட, குற்றவாளி எடுக்கும் கருவியையே நிரபராதியும் எடுக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இருவர் செயலும் ஒன்று. செயலா, எண்ணமா, வினைக்கு வேர் எது என்று பௌத்த நூலான மச்சிம நிகாயத்தின் உபாலி சுத்தம் வாதிடுகிறது. உடலால் செய்வதே பெரிய குற்றம் என்ற நிகண்டரின், அதாவது சமணரின், தரப்பை எடுத்துக்கொண்டு நாளந்தாவில் புத்தரோடு வாதம் செய்ய வந்த உபாலி, மனத்தின் செயலே முதன்மை என்ற புத்தர் தரப்பை ஏற்றுக்கொள்கிறான். (சமணர் தரப்பை பௌத்த நூல் சொல்லிக் கேட்கிறோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது நியாயம்.) எந்தப் பக்கம் நின்றாலும், விசாரணை செயலிலாவது தொடங்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் பிணக்கில்லை. கருவி எண்ணத்தையும் பார்ப்பதில்லை, செயலையும் பார்ப்பதில்லை. செயலின் அடையாளத்தை, சமயத்தில் அந்த அடையாளத்தைப் போன்ற ஒன்றை, பார்த்துவிட்டு நிற்கிறது.

மனிதர்களும் அடையாளத்தை வைத்துத்தானே தீர்மானிக்கிறார்கள் என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மை. நீதிபதியும் தவறுவார், கண்டக்டரும் தவறுவார். ஆனால் டிக்கெட் இல்லை என்று அதட்டும் கண்டக்டரிடம் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டலாம். அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். தீர்ப்பு தவறலாம் என்பதால்தான் எல்லா நீதி முறையும் மறுமொழிக்கு இடம் வைத்தது. அந்த இடத்தை எடுத்துவிட்டு, தவறு மனித இயல்பு என்ற சமாதானத்தை மட்டும் கருவிக்குக் கடன் கொடுப்பது பொருந்தாது.

மறுமொழிக்கு இடம் வைத்தால் போதுமா என்றால், அதையும் காலம் சோதித்துப் பார்த்துவிட்டது. டேப் போய்க்கொண்டிருந்த காலத்தில், யூடியூப் 2007-இல் கன்டென்ட் ஐ.டி. என்ற பொருத்திப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலிய இசைக்கலைஞர் ஒருவர் தாமே உருவாக்கி ஏற்றியிருந்த பத்து மணி நேர வெள்ளை இரைச்சலின்மேல், ஐந்து பதிப்புரிமைக் கோரல்கள் வந்திருப்பது 2018-இன் தொடக்கத்தில் செய்தியானது. இரைச்சலைச் சொத்தாகப் படித்த விஷயத்தில் பழைய கேம்கார்டரைவிட அது ஓர் அடி முன்னேறவில்லை. ஆனால் அங்கே ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வழி இருந்தது, கோரல்கள் கைவிடப்பட்டன. முன்னேற்றம்தான். ஆட்சேபத்தை முதலில் வாங்கிப் படித்து, ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்பவர் யார் என்று பார்த்தால், கோரல் வைத்த அதே ஆள்.