கண்ணுக்குப் பிடித்த எழுத்து

நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரின் அடக்கத் திருப்பலியில் அவருடைய பேத்தி முதல் வாசகம் வாசித்தாள். சாலமோனின் ஞானத்திலிருந்து ஒரு பகுதி. தந்தையின் பணி காரணமாகப் புனேயில் பிறந்து வளர்ந்த பெண் அவள். தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். விரித்து வைத்திருந்த வாசக நூலின்மேல் அவள் தன் தாள் ஒன்றை வைத்தபோது, முன்வரிசையில் இருந்த நமக்கு அது உரோமன் எழுத்தில் எழுதிய தமிழ் என்பது தெரிந்துவிட்டது. இறைவார்த்தைக்குச் செவிகொடுக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களும் நாம் முகம் சுளித்தபடியே அமர்ந்திருந்தோம்.

வீடு திரும்பிய பின்னும் அந்தச் சுளிப்பு நம்மை உறுத்தியது. அது மொழிப்பற்றுதானா? அல்லது வேறு ஏதோ ஒன்றுக்கு நாமே மொழிப்பற்று என்று பெயர் சூட்டிக்கொண்டோமா?

எழுத்துகளில் நமக்கு விருப்பு வெறுப்பு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். மலையாள எழுத்தின் உருட்சி நமக்குப் பிடிக்கும். வலமிருந்து இடமாகச் சாய்ந்து இறங்கும் உருது எழுத்தைப் பொருள் தெரியாமலே நெடுநேரம் பார்த்திருக்கிறோம். உரோமன் எழுத்தைக் கண்டாலோ நமக்கு விண்ணப்பப் படிவமும் வங்கிக் கடிதமும்தான் நினைவுக்கு வரும். எல்லாவற்றினும் அழகியது தமிழின் ‘ழ’கரம் என்று வாதிட நாம் எப்போதும் தயார். பனையோலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், ஆகவே தென்னாட்டு எழுத்துகள் வளைந்தன என்பர். ஆனால் நாம் ‘ழ’வை விரும்புவதற்குக் காரணம் அந்த வளைவு அன்று. முற்றத்து மணலில் அதை முதன்முதல் எழுதியபோது நம் விரலைப் பிடித்திருந்த கை தாயின் கை. அந்தக் கையின் சூட்டைத்தான் நாம் எழுத்தின் அழகு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் போலும்.

இதில் குற்றம் ஒன்றும் இல்லை. தாய் வைத்த குழம்பே ருசி என்பவனிடம் எவரும் சான்று கேட்பதில்லை. ஆனால் எழுத்தின்மேல் உள்ள சுவை எப்போதும் சுவையாகவே நின்றுவிடுவதில்லை. கொரிய நாட்டின் வரலாறு இதற்குச் சான்று.

பதினைந்தாம் நூற்றாண்டுவரை கொரியர் தம் மொழிக்கென்று எழுத்தின்றிச் சீன எழுத்திலேயே எழுதிவந்தனர். ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கற்கவேண்டும். உழுபவனுக்கும் நெய்பவளுக்கும் அதற்கு நேரம் ஏது? 1443-இல் செஜோங் மன்னர் இருபத்தெட்டு எழுத்துகள் கொண்ட புதிய நெடுங்கணக்கு ஒன்றை ஆக்கி, 1446-இல் வெளியிட்டார். வாய்க்குள் நாக்கு எப்படி நிற்கிறதோ அப்படியே மெய்யெழுத்தின் கோடு நிற்கும். வானுக்கு ஒரு புள்ளி, நிலத்துக்கு ஒரு கிடைக்கோடு, மனிதனுக்கு ஒரு நிமிர்கோடு. இம்மூன்றிலிருந்து உயிரெழுத்துகள் பிறந்தன. கூர்மதியினர் ஒரு காலைப்பொழுதிலும் மந்தமதியினர் பத்து நாளிலும் கற்றுவிடலாம் என்று அரசவையினரே விளக்கம் எழுதினர்.

ஆயினும் 1444-லேயே சோ மல்லி என்னும் அரசவை அறிஞர் இதை எதிர்த்து மன்னருக்கு விண்ணப்பம் எழுதினார். சீன எழுத்தை விட்டுத் தமக்கெனத் தனியெழுத்து வைத்துக்கொள்வோர் நாகரிகமற்ற இனத்தார் என்பது அவர் வாதம். மன்னர் அவரை ஒரு நாள் சிறையில் வைத்து விடுவித்தார். அவர் தீயவர் அல்லர், நேர்மைக்குப் பெயர்பெற்றவர். வாழ்நாளெல்லாம் தாம் நேசித்த எழுத்தை விட்டுப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவே. எனினும் கற்றோர் பலருக்கு இருந்த அந்த நேசத்தின் விளைவாக ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் புதிய எழுத்து கொச்சை எழுத்து என்றும் பெண்பிள்ளை எழுத்து என்றும் இகழப்பட்டுக் கிடந்தது. 1894-இல்தான் அது அரசு ஆவணங்களுக்குள் முறையாக நுழைந்தது.

கொரியத் திருச்சபையின் தொடக்கத்தை நம் வாசகர்கள் அறிந்திருப்பர். குருக்கள் வந்து சேருமுன்னரே, சீன மொழியில் இருந்த மறைநூல்களைப் படித்து விசுவாசத்தைக் கண்டடைந்தவர்கள் பொதுநிலையினரான கற்றோர். அப்படிக் கற்றவருள் ஒருவர் அகுஸ்தீன் ஜியோங் யாக்-ஜோங். அவர் மறைக்கல்வி நூல் எழுத முனைந்தபோது, தம் வகுப்பார் போற்றிய சீன எழுத்தை ஒதுக்கிவிட்டு, அவர்கள் இகழ்ந்த எழுத்தையே எடுத்துக்கொண்டார். பெண்களும் கல்லாதாரும் படிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1801-இல் அவர் தலை வெட்டுண்டது. அவருடைய மகன் பவுல் ஜியோங் ஹா-சாங், 1839-இல் தம் விசுவாசத்துக்காக வழக்காடி அமைச்சருக்கு மடல் எழுதினார். அதைச் சீன எழுத்தில் எழுதினார். அவரும் அதே ஆண்டு மறைசாட்சியானார். 1984-இல் மகன் புனிதர் என்றும், 2014-இல் தந்தை அருளாளர் என்றும் அறிவிக்கப்பட்டனர். தந்தைக்கும் மகனுக்கும் தனிப்பட்ட முறையில் எந்த எழுத்து இனித்ததோ, நாம் அறியோம். படிக்கப்போகிறவர் யார் என்று பார்த்தே இருவரும் எழுத்தைத் தேர்ந்தனர் என்பது மட்டும் தெளிவு.

சோ மல்லியைக் குறைகூறுவது எளிது. நம் திருச்சபையின் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்ததொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1562 ஜூலையில், மெக்சிகோவின் யுக்கட்டான் பகுதியிலுள்ள மானி என்ற ஊரில், தியேகோ தெ லாந்தா என்னும் பிரான்சிஸ்கன் துறவி மாயா மக்களின் நூல்களைத் தீயிலிட்டார். அவற்றில் அலகையின் பொய்களையன்றி வேறொன்றையும் அவர் காணவில்லை. மாயா மக்கள் எழுதிய சித்திர எழுத்து நூல்களுள் இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே.

அதே லாந்தா பின்னர் அந்நாட்டைப் பற்றித் தாம் எழுதிய குறிப்புகளில் மாயா எழுத்தையும் பதிவுசெய்ய முற்பட்டார். எழுத்தென்றால் தம் நாட்டு அகரவரிசை ஒன்றே என்று எண்ணியிருந்தவர், உள்ளூர் எழுத்தரிடம் ‘அ’ எது, ‘பெ’ எது என்று வரிசையாகக் கேட்டார். மாயா மொழியில் ‘பெ’ என்றால் பாதை. எழுத்தரும் பாதையில் பதிந்த காலடித் தடத்தை வரைந்து கொடுத்தார். ஒரு தொடர் எழுதிக் காட்டக் கேட்டபோது வந்த விடையையும் லாந்தா அப்படியே குறித்திருக்கிறார். ‘எனக்கு விருப்பமில்லை’ என்பது அதன் பொருள். அந்த எழுத்தர் இதை எழுதிய வேளையில் அவர் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. 1952-இல் உருசிய அறிஞர் கினோரோசவ் மாயா எழுத்தின் புதிரை அவிழ்க்கத் தொடங்கியபோது அவருக்குக் கைகொடுத்தது லாந்தாவின் இந்தக் குறைபட்ட பட்டியலே. எரித்த கையே எஞ்சியதையும் எழுதி வைத்தது. அதனால் எரித்தது சரியாகிவிடாது.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துப் பார்க்கும்போது, அன்று கோயிலில் நாம் சுளித்த முகம் நமக்கு அழகாய்த் தெரியவில்லை. அச்சேறிய முதல் தமிழ் நூலாகிய செபப் புத்தகம், 1554-இல் லிஸ்பனில் வெளிவந்தபோது, அதிலிருந்த தமிழ் உரோமன் எழுத்தில்தான் இருந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அண்டிரிக் அடிகளாரின் உழைப்பால் 1578-இல் கொல்லத்தில் வெளிவரும்வரை இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பேத்தி தாளில் எழுதி வந்ததும் அத்தகையதொரு தொடக்கமாக ஏன் இருக்கக்கூடாது?

அப்படியானால் எந்த எழுத்தானால் என்ன, எளியது போதும் என்று விட்டுவிடலாமா? அதற்கும் நம் மனம் இசையவில்லை. வியட்நாமில் இயேசு சபையார் உரோமன் எழுத்தைக் கொண்டு அந்நாட்டு மொழியை எழுதினர். 1651-இல் தெ ரோட்ஸ் அடிகளாரின் அகராதி உரோமையில் அச்சாயிற்று. இன்று அந்நாடு முழுவதும் படிப்பது அந்த எழுத்தையே. கல்வி பெருகியது, மகிழ்ச்சி. ஆனால் அவர்களுடைய பெருங்காவியமான ‘கியூ’ கதையை நுயென் யூ எழுதிய பழைய ‘நோம்’ எழுத்தை இன்று படிக்க வல்லவர் மிகச் சிலர். பாட்டன் எழுதிவைத்த ஏட்டைப் பேரன் கையில் பிடித்துப் பார்க்கலாம், படிக்க இயலாது.

மூதாட்டியின் முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் நாம் அவ்வீட்டுக்குச் சென்றோம். வாசகம் எழுதிய அந்தத் தாள் மேசைமேல் இருந்தது. ‘ழ’ வரும் இடமெல்லாம் சிவப்புப் பென்சிலில் அடிக்கோடு, ‘ள’வுக்கு நீலம். உரோமன் எழுத்தில் பலியும் பழியும் ஒன்றுபோலத் தோன்றிவிடும் என்று அஞ்சி, மூன்று இரவுகள் தந்தையிடம் வாசித்துக் காட்டிக் குறித்துக்கொண்டதாகச் சொன்னாள். நாம் சுளித்த முகத்தை அவள் மேடையிலிருந்து பார்த்திருப்பாளோ என்று அப்போதுதான் நமக்கு அச்சம் வந்தது.

பிறகு அவள் உள்ளே போய் ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுவந்தாள். பாட்டி கைப்பட எழுதிய செபங்களும் ஞானப் பாடல்களும். “தாத்தா, இதை எனக்குக் கொஞ்சம் வாசித்துக் காட்டுவீர்களா? எங்கேயோ என் பெயர் இருக்கிறது என்று பாட்டி சொல்வார்கள்” என்றாள். வாசித்தோம். பெயர் இருந்தது: நோயில் கிடந்த குழந்தைக்காக எழுதிய வேண்டுதலில்.

பக்கத்தில் ஓர் எழுத்தைத் தொட்டு, “இது என்ன, யானைத் துதிக்கை போல?” என்று கேட்டாள். 1978-இல் தமிழக அரசு எழுத்தைச் சீர்திருத்துமுன் வழங்கிய பழைய ‘லை’ அது. அந்தத் துதிக்கை போனபோது நாமும் பலநாள் முணுமுணுத்தவர்கள்தாம். பெரியார் 1935-லேயே தம் ‘குடி அரசு’ இதழில் அதைக் கைவிட்டிருந்தார் என்பதைக்கூட அப்போது குறையாகவே பேசினோம். இன்றும் கடிதம் எழுதும்போது நம் கை தானாகவே அந்தத் துதிக்கையைத் தூக்கிவிடும்.

அவள் விடுமுறை முடியும்வரை ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் வந்தாள். மூன்றாம் வாரம் ‘ழ’வுக்கு வந்து சேர்ந்தோம். அவள் அதைக் கீழிருந்து மேலாக, நாம் எழுதுவதற்கு நேர்மாறாக எழுதுகிறாள். நாம் திருத்தவில்லை.