எந்த பாஷையில் எண்ணுகிறாய்?



குவைத்தில் பலசரக்குக் கடையில் வேலை செய்கிற நம் சபைத் தம்பி ஒருவர் லீவில் வந்திருந்தார். முதலாளியிடம் அரபி, கூட வேலை செய்கிறவர்களிடம் மலையாளம், வாடிக்கைக்காரரிடம் ஹிந்தி. மூன்றையும் ஒரே சமயத்தில் படித்தாராம். (ஆவியானவர் தருகிற அந்நிய பாஷை அல்ல, இது கடைத்தெரு பாஷை!) "முதல்ல பேச்சு வந்துருச்சு பாஸ்டர். ஆனா சில்லறை எண்ணும்போது வாய்க்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு தமிழ்தான் வரும்" என்றார். சிரித்தோம். அடுத்து அவர் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "இப்ப அரபியிலேயே எண்ணுறேன். முழங்கால் போட்டாலும் வாஹித், இத்னேன்னு கடைக் கணக்குதான் ஓடுது."

தானியேலை நினைத்தேன். வாலிபனாய்ச் சிறைப்பட்டுப் போனவன். கல்தேயரின் எழுத்தும் பாஷையும் படிக்க மூன்று வருஷம் (தானி. 1:4,5). பெயரையே மாற்றிவிட்டார்கள். பிற்பாடு 120 தேசாதிபதிகளிடம் கணக்குக் கேட்கிற மூன்று பிரதானிகளில் ஒருவனானான் (6:1,2). அந்த உத்தியோகத்தில் எபிரெயுவில் எண்ணினால் நடக்குமா? அரமனைச் சுவரில் எழுதின 'மெனே' என்பதும் அரமேயு வார்த்தைதான். எண்ணப்பட்டது என்று அர்த்தம். ஆகவே பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவர்கள் பயப்படவேண்டாம்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவன் புஸ்தகத்தில் 2:4 முதல் 7ஆம் அதிகாரம் முடிய அரமேயுவில் இருக்கிறது. 8ஆம் அதிகாரத்திலிருந்து மறுபடியும் எபிரெயு. 9ஆம் அதிகாரத்தில் கிழவனான தானியேல் என்ன செய்கிறான்? அங்கேயும் எண்ணுகிறான்! எரேமியா சொன்ன 70 வருஷத்தை எண்ணுகிறான். எண்ணிவிட்டு, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, ஜனத்தின் பாவத்துக்காகக் கதறுகிறான். சிறைப்பட்டு 65 வருஷத்துக்கு மேலாகியும் ராஜாவின் கணக்கை அவன் ஜெப அறைக்குள் விடவில்லை. அல்லேலூயா!

தம்பியிடம் இதைச் சொன்னேன். "அரபி மேல தப்பில்லப்பா. கடையை அடைச்சிட்டு முழங்கால் போடு. நீ ஞானஸ்நானம் எடுத்து எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஒன்பது வருஷம். தமிழில்தான் எண்ணினார். ஏழாவது விரலுக்கே கண் கலங்கிவிட்டது.

அவர் திரும்பிப் போயிருக்கிறார். வருகிற உபவாச ஜெபத்தில், வெளிதேசத்தில் வேலை செய்கிற நம் பிள்ளைகளைப் பேர் பேராய்ச் சொல்லி ஜெபிப்போம். வீட்டார் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள்.