திரும்பி வரும் துணிவு

பிழைப்புக்காக உயிரைப் பணயம் வைக்கிறவனை உலகம் மதிக்கிறது. பிறரைக் காப்பதற்காக வைக்கிறவனைக் கொண்டாடுகிறது. இரண்டுமில்லாமல், தன் மனத்தின் மகிழ்ச்சி ஒன்றுக்காகவே உயிரைப் பணயம் வைக்கிறவனை என்னவென்று சொல்வது? வீரன் என்பதா, பொறுப்பற்றவன் என்பதா? பொதுப்படையாகக் கேட்டால் பொதுப்படையான பதில்தான் கிடைக்கும். ஆகையால் ஓர் இடத்தையும் ஒரு செயலையும் முன்னால் வைத்துக்கொண்டு யோசிப்போம்.

நார்வே நாட்டின் வடகோடியில், ட்ரோம்ஸோ நகரத்துக்குக் கிழக்கே, லிங்கென் என்றொரு தீபகற்பம் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வெகு வடக்கே உள்ள பூமி. ஆனாலும் அட்லாண்டிக் சமுத்திரத்தின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையைத் தொட்டுக்கொண்டு போவதால் கடல் உறைந்துவிடுவதில்லை. மலைகளுக்கு நடுவே கடல் நீண்ட விரல்களைப்போல் புகுந்திருக்கிறது. ஃபியோர்டு என்று அதைச் சொல்கிறார்கள். அந்த நீரின் விளிம்பிலிருந்தே மலைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றில் உயர்ந்ததான யீக்கெவாரியின் உயரம் 1,834 மீட்டர். கேட்பதற்குப் பெரிய உயரமில்லை. ஆனால் ஏறுகிறவன் கடல் மட்டத்திலிருந்தே ஏற வேண்டும்.

இந்த மலைகளின் பாறைச் சுவர்களில், மேலிருந்து கீழ்வரை வெடிப்பு விட்டாற்போல ஒடுங்கிய பிளவுகள் உண்டு. குளிர்காலத்தில் பனி வந்து அவற்றை நிரப்பிவிடுகிறது. 'கூல்வார்' என்ற பிரெஞ்சுச் சொல்லால் இவற்றை அழைக்கிறார்கள். நாம் பனியிடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். சரிவு 45 டிகிரி. சிலவற்றில் 50 டிகிரிக்கும் மேல். இரு பக்கமும் பாறை. சில இடங்களில் காலில் மாட்டிய பனிச்சறுக்குக் கட்டையின் நீளத்தைவிடச் சற்றே அதிகமான அகலந்தான் இருக்கும்.

பகல் நீளத் தொடங்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதற்கென்றே பல தேசங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கட்டைகளை முதுகில் கட்டிக்கொண்டு, பூட்ஸுக்கடியில் இரும்பு முட்களை மாட்டி, பனிக்கோடரியை ஊன்றி, பனியில் படி உதைத்து மணிக்கணக்கில் ஏறுகிறார்கள். உச்சியில் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறிய வழியே சறுக்கி இறங்குகிறார்கள். ஏறப் பாதி நாள். இறங்கச் சில நிமிஷங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் துள்ளி எழுந்து, அந்தரத்திலேயே கால்களை மறுபக்கம் திருப்ப வேண்டும். தவறி விழுந்தால் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை. கீழே கடல் தெரிந்துகொண்டே இருக்கும்.

"பைத்தியக்காரத்தனம்" என்று உலகியல் அறிந்த மனிதர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதே கடற்கரையில் சற்றுத் தெற்கே லோஃபோட்டன் தீவுகள் உள்ளன. நடுக்குளிர்காலத்தில் திறந்த படகுகளில் காட் மீன் பிடிக்கப் போன மீனவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் பலியானார்கள். வீட்டில் குழந்தைகளுக்குச் சோறு வேண்டுமே என்று போனவர்கள் அவர்கள். சறுக்குகிறவனோ சேமித்த பணத்தைச் செலவழித்து ஆபத்தை விலைக்கு வாங்குகிறான்.

ஆனால் பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் மனித வாழ்க்கையில் எத்தனை மிஞ்சும்? சங்கீதத்தால் யாருக்கு வயிறு நிறைகிறது? நாவல் படிப்பதால் எந்த வீட்டுக் கூரை ஒழுகாமல் நிற்கிறது? பயனில்லாதது என்பதாலேயே ஒரு செயல் இழிந்ததாகிவிடாது. அந்தச் செங்குத்தான பனியில் தன் மனமும் உடலும் பிசகாமல் ஒன்றுபட்டு நின்றதை அறிகிற மனிதன் ஏதோ ஓர் உண்மையைத் தொட்டிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

"என் உயிர் என்னுடையது, அதை நான் என்ன செய்தால் உமக்கென்ன?" என்று அவன் கேட்கலாம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதிய சுதந்திர நூல் அவனுக்குத் துணை நிற்கும். பிறருக்குத் தீங்கு வராதவரையில் தன் உடம்புக்கும் மனத்துக்கும் ஒவ்வொருவனும் தானே அரசன் என்பது மில்லின் கட்சி. நல்ல கட்சிதான். ஆனால் அந்த மலையில் தனியாக ஆளும் அரசன் யாராவது இருக்கிறானா?

பனிச்சரிவில் ஒருவன் புதைந்துவிட்டால், முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குள் எந்த ஹெலிகாப்டரும் வந்து சேராது. அதனால்தான் ஒவ்வொருவரும் உடம்பில் ஒரு ரேடியோக் கருவியும், முதுகுப் பையில் மண்வெட்டியும், பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட கோலும் கொண்டுபோகிறார்கள். மண்வெட்டி தன்னைத் தோண்டிக்கொள்வதற்கு அல்ல. கூட வந்தவனைத் தோண்டுவதற்கு. என் உயிர் என்னுடையது என்று சொல்கிறவனின் உயிர், அவன் நண்பனின் பையில் இருக்கிறது!

இன்னொன்றையும் பாருங்கள். 2019 ஜனவரியில் அதே ட்ரோம்ஸ் வட்டாரத்தின் தாமோக் பள்ளத்தாக்கில் நான்கு பேரைப் பனிச்சரிவு வாரிக்கொண்டது. மேலும் பனி சரியக்கூடும் என்ற அபாயத்தால் தேடுகிறவர்களைப் பல நாள் மலைக்கு அனுப்ப முடியவில்லை. அவர்களுக்கும் வீட்டில் மனைவி மக்கள் உண்டல்லவா? சறுக்கப் போகிறவன் தன் உயிரை மட்டும் பந்தயம் கட்டுவதில்லை. முகம் தெரியாத அவர்கள் உயிரிலும் ஒரு பங்கை அவர்களைக் கேட்காமலே கட்டிவிடுகிறான்.

அப்படியானால் தடை செய்துவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். 2023 மார்ச் 31-ஆம் தேதி அந்தப் பகுதியிலுள்ள ரைனோயா தீவில் பனிச்சரிவு ஒரு வீட்டையும் தொழுவத்தையும் கடலுக்குள் தள்ளியது. இருவர் இறந்தனர். ஆபத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர். தங்கள் இருப்பிடத்தில் இருந்தவர்கள். ஆபத்தே இல்லாத வாழ்வை யாராலும் யாருக்கும் கொடுக்க முடியாது. அதை எதிர்கொள்ளும் நேர்மையைத்தான் ஒருவனிடம் எதிர்பார்க்க முடியும்.

அந்த நேர்மை எங்கே வெளிப்படுகிறது? இறங்கும்போது அல்ல, இறங்கலாமா வேண்டாமா என்று நிற்கும்போது. நார்வேயில் பனிக்காலம் முழுவதும் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறார்கள். ஆனால் அந்த எண், தன் காலடியில் இருக்கும் பனியைப் பற்றி முடிவாக எதையும் சொல்லாது. இரவில் அடித்த காற்று மேலே ஒரு பலகையைப்போல் பனியை அடுக்கியிருக்கலாம். அடியில் உறுதியில்லாத படலம் ஒன்று மறைந்திருக்கலாம். மிதிக்கும்போது பொள்ளென்று ஓசை கேட்கிறது. மனத்தில் ஏதோ உறுத்துகிறது. செலவழித்த பணமும், ஏறிய ஏற்றமும், கூட்டாளிகளின் ஆவலும் 'போ' என்கின்றன. அந்த நிலையில் "இன்று வேண்டாம்" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

திரும்பி வந்தவனுக்குச் சான்று கிடைக்காது என்பதுதான் இதில் கொடுமை. அவன் திரும்பிய பிறகு பனி சரியாமலே இருந்துவிட்டால், கோழை என்று தன்னையே நொந்துகொள்வான். போய்ப் பிழைத்தவனோ, பிழைத்ததையே தன் அறிவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்வான். 1967-இல் பிரான்சின் ஷமோனி மலைகளில் ஸ்பென்ஸர் பனியிடுக்கில் இறங்கி, இந்தக் கலைக்கே வழி திறந்துவிட்ட ஸில்வேன் ஸோதான், 2024-இல்தான் முதுமையில் காலமானார். அவருக்குப் பின் வந்தவர்களில் இளமையிலேயே மாண்டவர்கள் பலர். நீண்ட ஆயுள் ஒருவர் செய்ததைச் சரி என்று காட்டிவிடாது. அகால மரணம் தவறு என்றும் காட்டிவிடாது. விளைவைக் கொண்டு மனிதனை எடைபோடுகிற நம் வழக்கம் இங்கே பொய்த்துப்போகிறது. அந்த நேரத்தில் எதை அறிந்திருந்தான், அறிந்ததற்கு உண்மையாக நடந்தானா என்பதுதான் கேள்வி.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையோர் செயல் என்று வள்ளுவர் எப்போதோ சொல்லிவைத்தார். கதை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அதை மறந்துவிடுகிறோம். பாய்ந்தவனுக்குத்தான் நாம் அத்தியாயம் ஒதுக்குகிறோம். திரும்பி நடந்து வந்தவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அவன் மாலையில் ஃபியோர்டு ஓரத்தில் பூட்ஸைக் கழற்றிக் காயவைத்து, நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறான். அவ்வளவுதான். அவன் பாய்ந்தபோது காட்டிய துணிவைப் பலர் பார்த்திருப்பார்கள். திரும்பியபோது காட்டிய துணிவை அவன் ஒருவனே அறிவான். இந்த இரண்டாவது துணிவு இருப்பவனுக்குத்தான் முதல் துணிவைக் காட்ட உரிமை உண்டு என்பேன்.