முன்சீப் எழுதிய கதையும் நாம் எழுதும் கணக்கும்



கதைப் புத்தகம் வாசிப்பது வீண்பொழுது என்று நம் பெரியோரில் சிலர் சொல்வதுண்டு. பிள்ளையின் கையில் நாவலைக் கண்டால், "ஜெபப் புத்தகத்தை எடு" என்பார்கள். ஆனால் தமிழில் முதல் நாவலை எழுதியவர் யார்? தேவமாதாவின் பேரில் அந்தாதி பாடிய ஒரு கத்தோலிக்கக் குடும்பஸ்தர். திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826-ல் பிறந்து, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகவும் பின்பு முன்சீபாகவும் உத்தியோகம் பார்த்து, 1889-ல் காலமான மாயூரம் வேதநாயகம் பிள்ளையே அவர். அவருடைய பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் அச்சேறியது.

அவர் முதலில் கதை எழுதியவர் அல்லர். 1859-லேயே நீதிநூல் என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். அதில் சொன்ன நற்போதனைகளை மனிதருடைய நடக்கையிலே காட்டவேண்டும் என்றுதான் நாவல் எழுதியதாக முன்னுரையிலே சொல்லுகிறார். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்ப்பதும் அவர் நோக்கம். இதில் ஆச்சரியம் என்ன? நம் ஆண்டவரும் விதைக்கிறவனைப் பற்றியும், காணாமற்போன ஆட்டைப் பற்றியும் கதை சொல்லித்தானே போதித்தார்! "நீ பொய்யன்" என்றால் கோபிக்கிற மனிதன், பொய்யன் ஒருவனுடைய கதையைக் கேட்டால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுகிறான். பல வருஷம் வாதி பிரதிவாதிகளின் வாய்மொழியைக் கேட்ட முன்சீபுக்கு இது நன்றாய்த் தெரியும்.

இனி ஒரு கேள்வி. அவர் 1878-ல் வெளியிட்ட கீர்த்தனை நூலுக்குச் சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்று பெயர். எந்த மதத்தாரும் பாடக்கூடியவாறு கடவுளைப் பாடினார். "அப்படியானால் தம் வேதத்தை மறைத்தாரா?" என்று யாரேனும் கேட்கலாம். மறைக்கவில்லை. தேவமாதா அந்தாதியும் திருவருள் மாலையும் பாடியவர் அவரே. தம் வீட்டு ஜெபத்தை வீட்டிலே செய்தார். ஊரார் எல்லாரும் சேர்ந்து உட்காரும் திண்ணையிலே எல்லாருக்கும் பொதுவான சொல்லைச் சொன்னார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது, வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு அன்னமிட்டார். அதைக் கண்டு, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். பசித்தவன் கஞ்சியைக் குடிக்கும்போது, ஊற்றினவன் யார் என்று கேட்பான். ஊற்றினவனை நடத்தும் சர்வேசுரனைப் பற்றியும் பிறகு கேட்பான். பிரசங்கத்தைவிட இந்த ஒழுங்கு பலமானது.

பிரியமானவர்களே, நாம் நாவல் எழுதுகிறவர்கள் அல்லர் என்று நினைக்கவேண்டாம். சோழவரத்திலும் காரனோடையிலும் விடியுமுன்னே கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கிற நீங்கள் ஒவ்வொருவரும் நாள்தோறும் எழுதுகிறீர்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் வருகைப் பதிவேடு, செங்குன்றம் அரிசி மண்டியில் எடைச்சீட்டு, கடையில் கடன் நோட்டு, கைப்பேசியில் செய்தி! வேதநாயகம் பிள்ளை நீதிநூலிலே கைக்கூலி வாங்குகிறவர்களைக் கண்டித்தார். கண்டித்தபோது அவரே அதிகாரப் பதவியில் இருந்தார். ஆகையால் அவருடைய பாட்டும் அவர் கையெழுத்தும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லவேண்டியிருந்தது. நம் ஜெபமும் நம் கையெழுத்தும் அப்படிச் சாட்சி சொல்லுமா?

ஒரு உதாரணம் சொல்லுகிறேன். இயந்திரத்தைச் சோதிக்காமலே "சோதித்தாயிற்று" என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிதான், எழுத அரை நிமிஷம் ஆகாது. ஆனால் அந்த ஒரு வரியை நம்பித்தான் அடுத்த ஷிப்டில் வருகிற தோழன் கொதிகலன் அருகே நிற்கிறான். அவனுக்கும் வீட்டிலே மனைவி மக்கள் உண்டு. "எழுதமாட்டேன் என்றால் வேலை போய்விடுமே, சாமி" என்பீர்கள். உண்மைதான்; ஒப்பந்தக் கூலிக்கு நிற்கிறவனுடைய பயம் பெரிய பயம். ஆகையால் எழுதச் சொல்லுகிறவனுக்கே பாவத்தின் பெரும்பங்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரியாகவும் முதலாளியாகவும் இந்தக் கோவிலில் முழந்தாளிடுகிறவர்களும் இதைக் கேட்கட்டும். எழுதுகிறவனுக்குச் சொல்லுவது இது: தனியாய் நிற்காதே, தோழர்களையும் சேர்த்துக்கொண்டு கேள், "சோதிக்க நேரம் கொடுங்கள், அரைமணியில் முடித்துக் கையெழுத்திடுகிறேன்" என்று மரியாதையாய்ச் சொல். பொய்க்குத் துணைபோகாமல் இருக்கச் சில வேளை ஒரு நல்ல சொல்லே வழி திறக்கும். திறக்காவிட்டால், அந்தக் குடும்பத்தைத் தாங்குவது இந்தப் பங்கின் கடமை. பஞ்சத்திலே ஊரைத் தாங்கினவரைப் புகழ்ந்துவிட்டு, பக்கத்து வீட்டானைக் கைவிட்டால் நம் புகழ்ச்சி என்ன பெறும்?

பிள்ளையவர்களின் நாவலில் கணவனும் மனைவியும் பிரிந்து, வழியிலே பல ஆபத்துகளைக் கண்டு, மீண்டும் சேருகிறார்கள். ஞானாம்பாள் ஆண்வேஷம் பூண்டு ஒரு நாட்டையே நீதியாய் ஆளுகிறாள். ஆளப்போன இடத்திலும் அவள் மறக்காதது வீட்டில் கற்ற ஒழுக்கத்தையே. நீங்களும் தினம் பிரயாணிகள். நெடுஞ்சாலையில் போக வர எத்தனை மணி நேரம் கழிகிறது! எம்மாவுஸ் ஊருக்குப் போன சீஷர்களோடு கர்த்தர் வழியிலேதான் சேர்ந்து நடந்தார். பஸ்ஸில் உங்கள் அருகே உட்காருகிறவன் வேற்று மதத்தானாயிருக்கலாம், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த வாலிபனாயிருக்கலாம். அவன் பாஷை தெரியாவிட்டாலும், அவனுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கத் தெரியுமே.

இந்த வாரம் மூன்று காரியம் செய்வோம். உறுதியாய்த் தெரியாத செய்தியைக் கைப்பேசியில் மற்றவருக்கு அனுப்பாதிருப்போம். கையெழுத்திடுமுன் ஒரு விசை சிலுவை அடையாளம் வரைவோம். இராத்திரி ஜெபம் முடிந்தபின், வீட்டில் பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கதை சொல்லட்டும். நல்ல கதைப் புத்தகத்தைப் பிள்ளை வாசித்தால் பிடுங்கவேண்டாம்.

வார்த்தையானவர் மாம்சமாகி நம்மிடையே வாசம்பண்ணினார் என்று விசுவசிக்கிற நாம், நம் வார்த்தையையும் நம் நடக்கையிலே உயிருள்ளதாக்கும்படி தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.