நோவாமை பேறாகுமா?

வலியை விரும்புவார் எவருமில்லை. தலைவலி வந்தால் தைலம் தேடுகிறோம். பல்வலி வந்தால் விடியும்வரை நாழிகையை எண்ணுகிறோம். வலியே அறியாத உடல் வாய்த்தால் எத்துணை நலம் என்று ஒருமுறையேனும் எண்ணாதவர் நம்முள் அரியர். அவ்வெண்ணம் சரிதானா என்று சிந்திக்க, அறிவியலார் சிலரின் உழைப்பு நமக்குத் துணைநிற்கிறது.

நரம்பணுக்களின் மெல்லிய சவ்வில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. சோடியம், கால்சியம் முதலியவற்றின் மின்னேற்றம் பெற்ற துகள்களாகிய அயனிகள் இவற்றின் வழியே புகும்போதுதான் நரம்பில் செய்தி பிறக்கிறது. இவற்றை அயனி வாய்க்கால்கள் என்பர். மிளகாயின் காரம் எந்த வாயிலைத் திறக்கிறது என்பதை 1997இல் அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியஸும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். ஏறத்தாழ 43 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் அதே வாயில் திறந்துகொள்கிறது. மிளகாயைக் கடித்தவர் "வாய் எரிகிறது" என்பது வெறும் உவமையன்று. நெருப்பும் காரமும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார்.

கதவு திறந்தால் மட்டும் போதாது. எழுந்த செய்தி நரம்பின் வழியே ஓட வேண்டும். அதற்குச் சோடியம் வாய்க்கால்கள் வேண்டும். அவற்றுள் ஒன்று 'நாவ் 1.7'. பாகிஸ்தானின் வடபகுதியைச் சேர்ந்த மூன்று குடும்பங்களில் பிறவி முதலே வலியறியாத சிறார் சிலரை ஜெஃப்ரி வுட்ஸ் உள்ளிட்ட கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, அந்த ஒரு வாய்க்கால் செயலற்றிருப்பதை 2006இல் வெளியிட்டனர். தொடுகையையும் சூட்டையும் குளிரையும் அவர்கள் உணர்ந்தனர். வலியை மட்டும் உணரவில்லை. தம் நாவையும் உதட்டையும் தாமே கடித்துச் சிதைத்திருந்தனர். எலும்பு முறிந்ததையும் அறியாதிருந்தனர். ஆய்வுக்குத் தூண்டுகோலான சிறுவன் தன் கையில் கத்தியைச் செருகியும் தணலின்மீது நடந்தும் தெருவில் வித்தை காட்டியவன். 14 வயதளவில் கூரையொன்றிலிருந்து குதித்து மாண்டான். இவனைப் பேறு பெற்றவன் என்று யார் சொல்வார்?

ஆயின், மறுபக்கமும் உண்டு. இதே வாய்க்கால் அளவுக்கு மீறித் திறக்குமாயின், காயம் ஏதுமின்றியே கையும் காலும் தீப்பற்றியதுபோல் எரியும் என்பது 2004 முதல் தெரியவந்தது. அந்நோய் கண்டோர் பனிநீரில் காலை அமிழ்த்திக்கொண்டு இரவைக் கழிக்கின்றனர். ஒரே வாயில் அடைபட்டாலும் கேடு. ஓயாது திறந்திருந்தாலும் கேடு. எனவே வலி நன்றா தீதா என்று கேட்பதைவிட, அது தன் கடமையைச் செய்கிறதா என்று கேட்பதே தகும். ஆபத்தை அறிவிப்பது வலியின் கடமை. அறிவித்து, நாமும் கேட்டுக்கொண்டபின் நீடிக்கும் வலி யாருக்குக் காவல்? இறுதிநிலைப் புற்றுநோயாளரின் வலி அவர் அறியாத எதை அவருக்கு அறிவிக்கிறது?

வேலூரில் தொழுநோயாளருக்குக் கை அறுவை மருத்துவம் செய்த பால் பிராண்ட், பிலிப் யான்சியோடு எழுதி 1993இல் வெளியிட்ட நூலில், வலியை எவரும் வேண்டாத கொடை என்றார். உணர்ச்சியற்ற விரல்கள் காயத்தால் தேய்ந்து போவதை நாள்தோறும் கண்டவர் அவர். வலியை இழந்தோரைக் கண்டு அவர் சொன்ன சொல்லை, வலியால் துடிப்போரிடம் திருப்பிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. "பொறுத்துக்கொள், இதுவும் நன்மைக்கே" என்று நோயாளியின் கட்டிலருகே நின்று பேசுவது எளிது. அப்படிப் பேசுகிறவருக்கு அங்கே வலிப்பதில்லை.

2025 சனவரியில் 'நாவ் 1.8' என்னும் மற்றொரு சோடியம் வாய்க்காலைத் தடுக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அபினி வகையைச் சாராத இம்மருந்து திடீர் வலிக்கு உரியது. இத்தகைய முயற்சிகளைப் படைப்பின் ஒழுங்கை மீறுவனவாக நாம் கருத வேண்டியதில்லை. காவலரைக் கொல்வது வேறு, பணி முடிந்தவருக்கு ஓய்வளிப்பது வேறு.

இன்னும் ஒன்று எஞ்சுகிறது. பிறர் வலியை நம் மூளைக்குக் கொண்டுவரும் நரம்பு எதுவும் நம்மிடம் இல்லை. அவர் சொல்ல வேண்டும். நாம் நம்ப வேண்டும். ஏழையின் முனகலை நடிப்பென்றும், முதியவரின் புலம்பலை வழக்கமென்றும் ஒதுக்கும்போது, வலியறியாத அச்சிறுவனின் நிலைக்கே நாமும் ஆளாகிறோம். அவன் வலியறியாமை பிறவியிலேயே வந்தது. நம்முடையதோ நாமே தேர்ந்துகொண்டது.